கீழக்கரை வீட்டுக்கு என்ன கேமரா, என்ன கணினி?

ஒரு வாசகரின் கேள்வி, 9 மே 2025

கீழக்கரை சொந்த ஊர், துபாயில் வேலை. ஜூன் கடைசியில் ஒரு மாத விடுமுறைக்கு வருகிறேன். வாப்பாவுக்கு எழுபத்தாறு வயது, சங்கு வியாபாரத்தில் இருந்தவர். அவர் பேசுவதையும் வீட்டில் நடப்பதையும் படமாக எடுத்து, ஒழுங்காக வெட்டி ஒட்டி, பிள்ளைகளுக்கு வைக்க வேண்டும். கைபேசியே போதும் என்கிறாள் மனைவி. 4கே கேம்கார்டர் இல்லாமல் எடுப்பது வீண் என்பது என் கட்சி. வீட்டுக் கணினி 2014இல் வாங்கியது. கேமரா, கணினி இரண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய். எப்படிப் பிரிப்பது?

9 மே, இரவு

எழுபது கேமராவுக்கு, முப்பது கணினிக்கு.

தெருவின் அந்த முனையில் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் வாப்பாவை, இந்த முனையிலிருந்து அவர் கவனிக்காதபடி எடுக்க வேண்டுமானால் ஜூம் வேண்டும். கைபேசி ஓர் அளவுக்கு மேல் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டி ஏமாற்றும். சோனி ஏஎக்ஸ்43 போன்ற கேம்கார்டரில் லென்ஸே நகர்ந்து 20 மடங்கு நெருங்கும். கைப்பட்டையை மாட்டிக்கொண்டால் ஒரு கையிலேயே அரை மணி நேரம் பிடிக்கலாம். கைபேசியை அப்படிப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். நம் ஊர் மே மாத வெயிலில் அது சூடாகிப் பாதியில் அணைந்தும் போகும்.

நான் பாம்பன்காரன், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2004இலிருந்து வீட்டுப் படம் எடுக்கிறேன். எவரிடமும் காசு வாங்கியதில்லை, ஆகவே குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

10 மே, காலை

நேற்று எழுதியதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள் தம்பி. இரவு படுத்தபடி கணக்குப் போட்டேன். கணக்கு எழுதுகிறவன் முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேமரா 4கே எடுக்கும்போது நொடிக்கு 60 அல்லது 100 மெகாபைட் எழுதும். உயர்ந்த தரத்தில் வைத்தால் ஒரு மணி நேரப் படம் 45 ஜிபி. குறைந்த தரத்தில் 27. ஒரு மாத விடுமுறையில் இருபது மணி நேரம் எடுத்தீர்கள் என்று வையுங்கள், 900 ஜிபி ஆகிறது. 2014ஆம் வருடக் கணினியின் வட்டு நிரம்பி வழியும். நிரம்பாவிட்டாலும், அந்தப் படத்தைத் திரையில் ஓட்டும்போது ஒரு நொடி ஓடி மூன்று நொடி நிற்கும். இரண்டு நாள் முட்டி மோதுவீர்கள், மூன்றாம் நாள் மூடிவைத்துவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறுவீர்கள். வெட்டாத படத்தை யாரும் பார்ப்பதில்லை. என் அலமாரியில் சாட்சி இருக்கிறது.

ஆகவே அறுபது கணினிக்கு, நாற்பது கேமராவுக்கு.

10 மே, மதியம்

காலையில் மெகாபைட் என்று எழுதியது தவறு, மெகாபிட் என்பதே சரி. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், அதை 3,600 நொடியால் பெருக்கினால் 45 ஜிபி. விடை சரி, அலகு பிழை. எங்கள் முதலாளி இப்படி ஒரு சீட்டைக் கண்டால் சாப்பாட்டு வேளையிலும் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: என்னுடைய பழைய மினி டிவி (MiniDV) டேப் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. படத்தின் அகலம் 720 புள்ளி, உயரம் 576. இன்றைக்குப் பெரிய தொலைக்காட்சியில் போட்டால் முகம் மாவு போலத் தெரியும். எங்கள் வீட்டில் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு எடுத்த பளிச்சென்ற படங்களை ஒருவரும் கேட்பதில்லை. எதில் எடுத்தோம் என்பதை ஒருவரும் விசாரிப்பதும் இல்லை.

13 மே

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டுவிட்டேன்.

என் அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்ந்தவள். 1964 டிசம்பர் 22 இரவு அந்த ஊரைக் கடல் எடுத்தபோது அங்கே இருந்தவள். எங்களுக்குச் சின்ன வயதில் அந்தக் கதையைச் சொல்ல மாட்டாள், கேட்டால் எழுந்து போய்விடுவாள். 2004 மே மாதத்தில் ஒரு மாலை, குந்துகால் கடற்கரையில் உட்கார்ந்து, தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். என் கையில் புதுக் கேமரா. இருபத்து மூன்று நிமிடம் ஆடாமல் அசையாமல் எடுத்தேன். முகத்தில் மாலை வெயில், பின்னால் கடல், எல்லாம் அமைந்து வந்தது. சின்னத் திரையில் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டேன். காதில் ஹெட்போன் மாட்ட வேண்டும் என்று தோன்றவேயில்லை.

வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியில் போட்டால் வாய் அசைகிறது, கை அசைகிறது, குரல் இல்லை. கித்தானைக் கிழிப்பது போல ஒரே படபடப்பு. இடையிடையே ஒரு சொல் மிதந்து வருகிறது: "ரயில்", "பிள்ளை", "மணல்". புயலைப் பற்றிச் சொன்ன அத்தனையையும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தின்றுவிட்டது. மறுபடி சொல்லச் சொன்னேன். "அதுதான் சொல்லிவிட்டேனே" என்றாள். 2006இல் போய்ச் சேர்ந்தாள்.

காற்றின் ஓசை நம் காதுக்குக் கேட்பது வேறு, மைக்குக்கு நடப்பது வேறு. காற்று நேராக மைக்கின் மெல்லிய தகட்டில் மோதித் தள்ளுகிறது. பேச்சு தகட்டை ஆட்டுகிற அளவைவிடப் பல மடங்கு பெரிய ஆட்டம் அது. தாங்கும் எல்லையைத் தாண்டியபின் மேலே இருந்த குரல் பதிவாவதே இல்லை. இல்லாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, நான் ஐந்தாறு மென்பொருள்களில் முயன்று பார்த்துவிட்டேன். கேமராவில் "காற்று குறைப்பு" என்று ஒரு பொத்தான் இருக்கும், அது அடித்தொனியை வெட்டும். மெல்லிய காற்றுக்கு உதவும். ஆனால் கச்சானுக்கு அது கொசுவலை கட்டியது போலத்தான்.

ஒரு லட்சத்தில் மூன்றாவதாக ஒரு பங்கு இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். மைக். அதுவும் சட்டையில் குத்தும் காலர் மைக், அதன்மேல் மயிர்ச் சடை வைத்த உறை.

14 மே

அந்த உறை எங்கே கிடைக்கும் என்று இருவர் கேட்டுவிட்டார்கள். கேமராக் கடைகளில் கிடைக்கும், ஆணி அளவிலிருந்து வெள்ளரிக்காய் அளவு வரை. நான் கடைக்குப் போகவில்லை. மகளின் பழைய கரடி பொம்மையின் காதை அறுத்து மைக்கில் மாட்டினேன். வேலை செய்தது. மகள் ஒரு வாரம் பேசவில்லை, இப்போது கல்லூரியில் படிக்கிறாள், இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

16 மே

கரடிக் காதைப் பற்றிப் பெருமையாக எழுதிவிட்டேன், ஒரு திருத்தம். பழைய பதிவுகளை எடுத்துக் கேட்டேன். காற்று அடங்கியிருக்கிறது, பேச்சும் சேர்ந்து போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கியிருக்கிறது. பொம்மைத் துணியின் அடித்தளம் நெருக்கமான நெசவு, பசை வேறு தடவியிருக்கிறார்கள். அடித்துணி வழியே வாயால் ஊதினால் மறுபக்கம் காற்று எளிதாக வர வேண்டும், அப்படிப்பட்ட துணியே ஆகும். மயிர்தான் காற்றை உடைக்கிறது, துணி ஓசையை விட வேண்டும். அநியாயமாக ஒரு கரடி செத்தது.

20 மே

உப்பு. இதைத் திருச்சிக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் தாண்டிப் போகலாம்.

கடல் உப்பில் சமையல் உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். கேமராவின் மூடி இடுக்கிலும் கார்டு போடும் வாயிலிலும் படிந்த உப்பு காய்வதே இல்லை, நீராகவே நின்று தின்றுகொண்டிருக்கும். ஐஸ் கம்பெனியில் இரும்புக் கதவுக் கீல் என்ன பாடு படுகிறது என்று தினமும் பார்க்கிறேன். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். உலர்ந்த துணியால் மட்டும் தேய்த்தால் உப்புப் பரல் கீறும். லென்ஸுக்கு முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடி வடிகட்டியைத் திருகிவிடுங்கள், கீறினால் அது கீறட்டும்.

வைப்பதற்கு ரப்பர் வளையம் உள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நீல நிறத்தில் விற்பது ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் நீலம் திரும்பும், ஆனால் அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள், நீலம் தருவது கோபால்ட் உப்பு. அரிசிக்குள் கேமராவைப் புதைக்கச் சொல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அரிசியைச் சோறாக்குங்கள். தவிட்டுத் தூசி லென்ஸ் இடுக்கில் போனால் எடுக்க முடியாது.

இன்னொன்று. ஏசி அறையிலிருந்து எடுத்து நேராகக் கடற்கரைக்குப் போனால் லென்ஸ் பூத்துவிடும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே முத்து முத்தாக நிற்பது போல. பையை மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். டேப் கேமராவில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை எழும். ஈரம் பட்ட உருளையில் டேப் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும் என்பதால் அது ஓடவே மறுத்துவிடும். தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் என்னுடையது மறுத்தது. ஐஸ் கம்பெனி அறையில் பத்திரமாக வைத்திருந்தது என் புத்தி.

27 மே

முதுகுளத்தூரிலிருந்து எழுதிய அன்பர் ஒருவரின் மச்சான் அமெரிக்காவிலிருந்து கேமரா கொண்டுவந்திருக்கிறார். டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கிறதாம். கேமரா பழுதில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழுகிறது. அமெரிக்காவில் 60 சுழற்சி, அங்கே விற்கும் கேமரா நொடிக்கு 60 அல்லது 30 படம் என்று எடுக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் துடிக்கும். அமைப்பில் 50 என்று மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள், துடிப்பு பெரும்பாலும் அடங்கும். துபாய் நம்மைப் போலவே 50. கீழக்கரைத் தம்பி கவலைப்பட வேண்டாம்.

2 ஜூன்

தம்பியின் மனைவி சொன்னதே சரி என்று எழுத வேண்டிய நாள் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவரை வைத்து ஒரு சோதனை செய்தேன். முற்றத்தில் பத்தடி தள்ளி முக்காலியில் என் கேம்கார்டர், அதன் சொந்த மைக்கோடு. பக்கத்தில் மகளின் கைபேசி, அதிலிருந்து காலர் மைக் பெரியவரின் சட்டையில். இரண்டையும் வீட்டில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் கைபேசிப் படத்தைத்தான் கேட்டார்கள். கேம்கார்டரில் அவர் பேசியதைவிடக் கோழி கத்தியது தெளிவு. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உள்ள மலிவான மைக், பத்தடி தள்ளி உள்ள விலையுயர்ந்த மைக்கை வென்றுவிடும். இருபது வருட அனுபவம் இருந்தும் இதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கைபேசியில் ஒரு சங்கடம் உண்டு. வெளிச்சம் குறைந்தால் அது நொடிக்கு இத்தனை படம் என்ற எண்ணிக்கையைத் தானே ஏற்றி இறக்கும். எடிட்டிங் மென்பொருளில் போடும்போது, நீளமான பேச்சில் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று மெல்ல விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான எண்ணிக்கைக்கு மாற்றிக்கொண்டு, பிறகு வெட்டுங்கள்.

கேம்கார்டர் வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. ஓடும் பிள்ளைகள், தூரத்துப் படகு, மூன்று மணி நேரக் கல்யாணம், இவற்றுக்குக் கைபேசி தாங்காது. வாப்பாவின் பேச்சுக்குத் தாங்கும். கேம்கார்டர் வாங்குவதாக இருந்தால் மைக் செருகத் துளையும் ஹெட்போன் துளையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 4கே இருக்கிறதா என்பதை மூன்றாவதாகக் கேளுங்கள்.

15 ஜூன்

நேற்று நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. துறைமுகமே விழித்துக்கொண்டது. எங்கள் கம்பெனியில் ஐஸ் உடைக்கும் சத்தம் விடிய விடிய. எனக்கும் தூக்கமில்லை, கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எடுத்ததில் பாதி வீண். விடிந்த பிறகு கடல் பளபளக்கிறது, கேமரா அந்தப் பளபளப்பைக் கணக்கில் எடுத்து எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது, ஆட்கள் முகம் கரிக்கட்டை. முகத்தின் மேல் விரலால் தொட்டு வெளிச்ச அளவைப் பூட்ட வேண்டும், அல்லது கடலுக்கு முதுகு காட்டி நாம் நிற்க வேண்டும். அடிவானம் சாய்ந்து படகெல்லாம் சரிந்து ஓடுகிறது. ஒரு காட்சியைப் பத்து நொடியாவது ஆட்டாமல் பிடிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். பதிவில் சராசரியாக நான்கு நொடி.

ஒரு நல்லது நடந்தது. தூரத்தில் புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போனது கேமராவில் விழுந்தது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது, புதியது இந்த ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தார்கள். என் 2004 டேப்பில் பழைய பாலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடுகிறது, 2007இல் அதையும் அகலப்பாதையாக்கிவிட்டார்கள். ஜன்னலில் அப்பா கை காட்டுவதை எடுக்கப் போனேன். இப்போது பார்க்கிறவர்கள் அப்பாவை விட்டுவிட்டு ரயிலைக் கேட்கிறார்கள்.

21 ஜூன்

தம்பி வருவதற்குள் கணினியை முடித்துவிடுவோம். புதிதாக வாங்கினால் 16 ஜிபி ரேம், மென்பொருளும் நடப்பு வேலையும் இருக்க எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு ஒன்று, எடுத்த படங்களைப் போட்டுவைக்கச் சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. மேஜைக் கணினி என்றால் யுபிஎஸ் கட்டாயம். படத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பு திறக்காது.

புதிது வாங்காமலும் ஒப்பேற்றலாம். பழைய கணினியில் எஸ்எஸ்டி மாற்றி, ரேம் ஏற்றி, ப்ராக்ஸி முறையில் வேலை செய்யுங்கள். பெரிய படத்துக்குப் பதிலாகச் சின்ன நகலை மென்பொருளே உண்டாக்கித் தரும், அதை வைத்து வெட்டுவீர்கள், கடைசியில் அசலிலிருந்து படம் எழுதப்படும். கேடன்லைவ், ஷாட்கட் இரண்டிலும் இலவசமாக இந்த வசதி உண்டு. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இன்னும் நல்லது, ஆனால் பழைய கணினியில் மூச்சுத் திணறும். லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு எச்.264 படத்தை, அதாவது பல கேமராக்கள் எழுதும் வகைக் கோப்பை, திறக்கவே திறக்காது, நான் ஓர் இரவு அழுத பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

கேம்கார்டர் கார்டிலிருந்து எடுக்கும்போது தனித்தனிக் கோப்பாகப் பிடுங்காமல் முழுக் கோப்புறையையும் (ஃபோல்டர்) அப்படியே நகலெடுங்கள். நீளமான பதிவைச் சில கேமராக்கள் துண்டு துண்டாக உடைத்துத்தான் வைக்கும்.

இரண்டு ஹார்ட் டிஸ்க் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்று கீழக்கரையில், ஒன்று துபாயில் இருப்பதற்கு. எங்கள் அப்பத்தாவின் கல்யாணப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது தனுஷ்கோடி வீட்டில் இருந்தது.

12 ஜூலை

தம்பி வீட்டுப் பரணில் வாப்பாவின் வீஎச்எஸ் டேப்புகள் ஒன்பது கிடைத்திருக்கின்றனவாம். அவசரப்பட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். டேப் பெட்டியிலுள்ள சின்ன ஜன்னல் வழியே சுருளைப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் டேப்பைப் படிக்கும் கருவியின் தலையில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். அவற்றைத் தனியாக வைத்துவிட்டு, சுத்தமாக இருப்பதை மட்டும் ஓட்டுங்கள். கணினிக்கு மாற்ற ஒரு சின்னப் பதிவுக் கருவி வேண்டும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், குறுக்கு வழி கிடையாது. மினி டிவி டேப் என்றால் ஃபயர்வயர் கம்பி வழியே எண்களாகவே அப்படியே இறங்கும், தரம் குறையாது. ஆனால் அந்தத் துளை உள்ள கணினி இப்போது அரிது. எங்கள் கம்பெனியின் பழைய கணினியில் ஒன்று இருக்கிறது, அதனால்தான் அதை எடைக்குப் போட விடாமல் பிடிவாதம் பிடிக்கிறேன். முதலாளி நான் கணக்கின்மேல் உள்ள பற்றால் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

3 ஆகஸ்ட்

தம்பி துபாய் திரும்பி எழுதியிருக்கிறார். கேம்கார்டர் வாங்கவில்லை. கைபேசி, கம்பியில்லாக் காலர் மைக், முக்காலி, பழைய கணினிக்கு எஸ்எஸ்டியும் ரேமும். லட்சத்தில் பாதிக்கு மேல் மிச்சம். வாப்பா முதல் மூன்று நாள் கேமராவைக் கண்டதும் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாராம். நான்காம் நாள் பேசினார், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "ஓடுகிறதா?" என்று கேட்டாராம். கைபேசித் திரையில் தன் முகம் தெரிவதுதான் காரணம். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பின்புறக் கேமராவால் எடுத்தபிறகு நாற்பது நிமிடம் நிற்காமல் பேசினார். சிவப்பு விளக்கு எரியும் கேம்கார்டர் என்றால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள், அதே வியாதிதான்.

ஆனால் கடற்கரையில் எடுத்த பதிவு முழுவதும், மயிர் உறை போட்டும், படபடப்பு என்கிறார். உறை சின்னதாக இருக்கும் என்று பதில் எழுதினேன்.

19 அக்டோபர்

உறை சின்னது என்று எழுதியது பிசகு, அல்லது பாதிப் பிசகு.

நேற்று நாட்டுப்படகு வைத்திருக்கும் சித்தப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஜூலையில் தென்கரையில் போய் உட்கார்ந்துகொண்டு காற்றடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? கச்சான் காலத்தில் வடகடல் பக்கம் போக வேண்டும், வாடை காலத்தில் தென்கடல் பக்கம் வர வேண்டும். பாம்பனில் பிறந்தவனுக்கு இதுவுமா சொல்லித்தர வேண்டும்?"

சொல்லித்தரத்தான் வேண்டியிருக்கிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. கீழக்கரையும் குந்துகாலும் அதற்கு நேரே முகம் காட்டி நிற்கும் கரைகள். அதே நாளில் தேவிபட்டினம் பக்கமோ தீவின் வடகரையோ போயிருந்தால் வீடும் பனையும் மறைத்துக் காற்று பாதியாகியிருக்கும். அப்பத்தாவின் டேப்பை எடுத்துப் பார்த்தேன். உறைமேல் என் கையெழுத்தில் "குந்துகால், மே 2004".

தம்பி டிசம்பரில் மறுபடி வருவதாக எழுதியிருந்தார். அப்போது வாடை வீசும், உங்கள் கரை அடங்கிக் கிடக்கும். மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்து வாப்பாவைக் கூட்டிப் போங்கள். உறையையும் போடுங்கள், ஹெட்போனையும் மாட்டுங்கள்.